ரிட்ஜ் ரோட்டில் பதினொரு சாலை

1

டெல்லியை வெளிநாடு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், தூத்துக்குடியில் ரயில் ஏறி இரண்டு ராத்திரி தூங்கி எழுந்தால் வந்து இறங்கிவிடலாம். எல்லாம் சரிதான். ஆனால் நாம் வாயைத் திறந்து ஒன்றைச் சொல்ல, கேட்பவருக்கு அது வேறொன்றாகக் காதில் விழுந்து, அவர் அடிக்க வந்தால் அந்த இடம் வெளிநாடுதான் என்பது என் கட்சி. இந்த ஏப்ரலோடு நான் இங்கே வந்து இருபது வருடம். அதைக் கொண்டாடுகிற மாதிரி சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு அது நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு ஜனக்புரியில், வேலை நகரத்தின் நடுவில். வழியில் தௌலா குவான் என்று ஒரு பெரிய சந்திப்பு வரும். அதைத் தாண்டியதும் ரிட்ஜ் ரோடு தொடங்கும். நகரத்துக்குள் இப்படி ஒரு ரோடா என்று முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இரண்டு பக்கமும் காடு. நடுத்திட்டில் காகிதப்பூ. எங்கேயோ மயில் கத்தும். மதில் மேல் குரங்குகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து எங்களைப் பார்க்கும். நாங்கள் காருக்குள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து அவற்றைப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு அந்த அழகான ரோட்டில் ஒரு வண்டியும் நகராது. எனவே இரு தரப்புக்கும் பார்த்துக்கொள்ள நேரம் நிறையக் கிடைக்கும்.

வந்த புதிதில் கூட வேலை பார்த்த பஞ்சாபிப் பெண் ஒருத்தி என்னை அந்த வழியாக அழைத்துப் போனாள். எங்கள் டெல்லியின் காட்டைப் பார் என்று பெருமையோடு காட்டினாள். எட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி சீமைக்கருவேலம். ஊரில் ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்கினாலும் மறுமழைக்கு முளைத்து நிற்குமே, அதே சனியன். இங்கே அதற்கு இரும்பு வேலி போட்டு, மரங்களைத் தொடாதீர்கள் என்று பலகையும் வைத்திருந்தார்கள். எனக்கோ அப்போது வாடகைக்கு வீடு கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தார்கள். கருவேலத்தைப் பார்த்து வாழ்க்கையில் முதன்முறையாகப் பொறாமைப்பட்டேன்.

2

இந்த ஊரில் காலையில் ஜாம் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொள்ளாத மனிதர் கிடையாது. நான் ஒருத்திதான் ஜாம் ஆக வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டு வண்டியை எடுப்பேன்.

காரணம் என் மகள் ஷெரின். வயது பதின்மூன்று. பிறந்தது, வளர்ந்தது, கோபப்படுவது, கனவு காண்பது எல்லாம் டெல்லியில், இந்தியில். அவள் பள்ளிக்கூடம் சங்கர் ரோட்டுப் பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நான்தான் இறக்கிவிடுவேன். மெட்ரோவில் போனால் இருவருமே சீக்கிரம் போய்விடலாம். ஆனால் மெட்ரோவில் அவள் காதில் எதையாவது செருகிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பாள். காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்த பிள்ளை எங்கே ஓடும்? தௌலா குவானிலிருந்து சங்கர் ரோடு வரைக்கும் தமிழ் மட்டும்தான் என்று வீட்டுச் சட்டம். ஜாம் எவ்வளவு நீளமோ தமிழும் அவ்வளவு நீளம். அவளுடைய அப்பா வங்கி வேலையில் ஜெய்ப்பூருக்கு மாற்றலாகி வாரக்கடைசியில்தான் வருவார் என்பதால், வாரநாளில் அவள் தமிழ் பேசுவதற்கு எஞ்சியிருந்தது இந்த ரோடு ஒன்றுதான்.

பேசுவாள். ஆனால் இந்தியில் யோசித்துத் தமிழில் இறக்குவாள். 'மம்மி, எனக்குப் பசி ஒட்டுது' என்பாள். இந்தியில் பசி, தாகம், குளிர் எல்லாமே வந்து ஒட்டிக்கொள்கிற சரக்குகள். எனக்குச் சிரிப்பு வரும், கவலையும் வரும். எழுத்தில் மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது. எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் நடக்கும் தமிழ் வகுப்புக்கு நாலு வருடமாகப் போகிறாள். நோட்டைத் திறந்தால் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூடக் காட்டியிருக்கிறேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் காட்டினேன்.

இந்த ஏப்ரலில் அவள் ஒன்பதாம் வகுப்பு. என்ன மொழி எடுக்கிறாய் என்று பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சமஸ்கிருதம் எடுக்கலாம், பிரெஞ்சு எடுக்கலாம். தமிழும் எடுக்கலாம், ஆனால் சொல்லித்தர ஆள் கிடையாது, நாங்களே வெளியே படித்துக்கொள்வோம் என்று தனியாக எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தருவதற்கு இன்னொரு படிவம். அந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் அச்சடிக்கவில்லை என்றார்கள். கடைசியில் ஆபீஸில் இருந்த ஒரு புண்ணியவான் இதே படிவத்தில் மொழிக்கு நேரே கட்டம் இருக்கிறது, அதில் எழுதிக் கொடுங்கள் போதும் என்றார்.

ஷெரின் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே பிரெஞ்சு என்று எழுதியிருந்தாள். பென்சிலால். கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் பிரெஞ்சாம். பெரிய சண்டை நடந்தது. எனக்கு அது வெறும் பாடம் இல்லை. என் இந்தியில் நோயாளியை அதட்டலாம், காய்கறி வாங்கலாம், ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டலாம். பெற்ற பிள்ளையிடம் மனசு விட்டுப் பேச அது காணாது. ஒன்பதில் தமிழை விட்டால் விட்டதுதான், அதற்கப்புறம் அவள் எனக்கு நன்றாக இந்தி பேசுகிற ஒரு பெண் ஆகிவிடுவாள் என்று பயமாக இருந்தது. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். எங்கள் பகுதித் தமிழர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சுப் போட்டி வைத்திருந்தார்கள். அதில் அவள் பேச வேண்டும். பேசிய பிறகும் பிரெஞ்சுதான் வேண்டும் என்றால் மறுநாள் திங்கட்கிழமை, கடைசித் தேதி அன்றைக்கு, நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை மடித்துக் காரின் முன்டப்பாவில் வைத்துப் பூட்டினேன்.

தலைப்பு 'எங்கள் சாலை'. பேச்சை நானே எழுதினேன். பிறந்ததிலிருந்து ரோடு என்று மட்டுமே சொல்லிப் பழகியவள், பேனாவைப் பிடித்ததும் தூய தமிழச்சி ஆகி, வரிக்கு வரி சாலை சாலை என்று இழைத்துவிட்டேன். அழகிய சாலை, எங்கள் சாலை, நாளெல்லாம் உழைக்கும் சாலை. ஷெரின் என் தாளை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே தன் கையால் எழுதிக்கொண்டாள். சொந்தமாக எழுதினால்தான் மனசில் நிற்கும் என்று மெச்சிக்கொண்டேன். நான் படித்த கான்வென்ட்டில் பேச்சுப் போட்டி என்றால் கையும் பேச வேண்டும். அதையும் சொல்லிக்கொடுத்தேன். சாலை என்று வரும்போதெல்லாம் கையை நீட்டிச் சுட்டிக்காட்ட வேண்டும், கண்ணும் கை போகிற பக்கம் போக வேண்டும் என்றேன்.

3

போட்டிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. ரிட்ஜ் ரோட்டில் செவ்வாய்க்கு ஒரு விசேஷம் உண்டு. அனுமாருக்கு உகந்த நாள் என்று பக்தர்கள் காரை அப்படி அப்படியே ஓரங்கட்டிக் குரங்குகளுக்கு வாழைப்பழம் போடுவார்கள். ஓரம் என்று அவர்கள் நினைப்பது ரோட்டின் பாதி. எனவே வாரத்தில் ஆகச் சிறந்த ஜாம் செவ்வாய்க்குத்தான். நானும் அதைக் கணக்குப் பண்ணித்தான் ஒத்திகையை அன்றைக்கு வைத்தேன்.

காரில் ஏ.சி. கெட்டுப்போயிருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தோம். ஷெரின் என் இடப்பக்கம் உட்கார்ந்து முழுக் குரலில் பேசினாள். ஒவ்வொரு சாலைக்கும் இடது கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு திரும்பியது. கண்ணும் கூடவே போனது. சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாளே என்று நான் பூரித்துப்போய் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இடப்புறம் ஒரு வெள்ளைக் கார், ஒரு முழம் இடைவெளியில் நின்றிருந்தது. அதை ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல மீசை. அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சுற்றி வந்து, எங்கள் காருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

விஷயம் இதுதான். இந்தியில் ஸாலா என்றால் மனைவியோடு பிறந்தவன். வீட்டுக்குள் சொன்னால் அது உறவு. ரோட்டில் முன்பின் தெரியாதவரைச் சொன்னால், உன் அக்காவைக் கட்டியவன் நான் என்று அர்த்தமாகி வசவாகிவிடும். கூப்பிடும்போது அது ஸாலே. என் மகளின் டெல்லி நாக்கில் நம்முடைய சாலை சுத்தமாக ஸாலே என்றுதான் வரும். இந்தியிலேயே வளர்ந்த உனக்கு இது ஏன் உறைக்கவில்லை என்று பிற்பாடு அவளிடம் கேட்டேன். தமிழ் பேசும்போது இந்திக் காதை ஆஃப் பண்ணிவிடுவாளாம்.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். மிகவும் பொறுத்திருக்கிறார். பதினொரு தடவை என்றார். எண்ணியிருக்கிறார். பத்து வரைக்கும் சின்னப் பிள்ளை என்று விட்டேன், பதினோராவது தடவை என் மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள், நான் என்ன செய்தேன் உங்களுக்கு என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம் கூடுதலாக இருந்தது. காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளவயதுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் இவருடைய அசல் மைத்துனர் என்பது போகப் போகத் தெரிந்தது.

நான் இறங்கி என் இந்தியில் விளக்கினேன். என் மகள் சொன்னது ஸாலே இல்லை, சாலை என்றேன். நீங்கள் நினைக்கிற ஸாலே வேறு, எங்கள் சாலை வேறு என்றேன். விளக்கி முடித்தபோது எண்ணிக்கை பதினைந்து என்று அவர் சொன்னார்.

4

வாழைப்பழக்காரர்களை விரட்ட வந்திருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் எங்களிடம் வந்தார். ஹரியானாக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், நிதானமான ஆள். இரண்டு தரப்பையும் கேட்டார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அவர் அதை லட்சியம் பண்ணவில்லை. எந்த மொழியாக இருந்தாலும் எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா என்றார்.

உண்டே என்றேன். இந்த இடத்தில் எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது. பேச்சு எழுதிய தாள் இருக்கிறது, தமிழில் இருக்கிறது, யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள் என்று ஷெரின் பக்கம் கையை நீட்டினேன். அவள் தாளை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"மம்மி, அது வேண்டாம்," என்றாள்.

"ஏட்டி, தா இங்க. அது ஒண்ணுதான நமக்குச் சாட்சி," என்று பிடுங்கிக் காவலரிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் பார்த்தேன். தாள் முழுக்க இந்தி எழுத்து. தமிழ்ப் பேச்சு, ஒரு வரி விடாமல், இந்தி எழுத்தில். நான் வாசிக்க வாசிக்க அவள் எழுதிக்கொண்டது அதைத்தான்.

நாலு வருட வகுப்பு, அச்சு மாதிரிக் கையெழுத்து, பக்கத்து வீட்டுக்காரர்களின் பாராட்டு, எல்லாம் அந்தத் தாளில் வேறு எழுத்தில் இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

காவலருக்கோ ஒரு சிரமமும் இல்லை. தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டார். மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே என்றார். அழகிய ஸாலே என்றார். எங்கள் ஸாலே, நாளெல்லாம் உழைக்கும் ஸாலே. ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து வெள்ளைக் கார்க்காரரை ஒரு பார்வை பார்த்தார், இதைத்தானே சொல்கிறீர்கள் என்று சரிபார்ப்பதற்காக. அவர் முகம் சிவந்து, இப்போது நீங்களும் சேர்ந்துகொண்டீர்களா என்றார். சாட்சியாக இருக்க வேண்டிய தாள் எதிர்த்தரப்புக்குச் சாட்சியாகிவிட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், நான் எழுதிய பேச்சை அவ்வளவு கம்பீரமாக வேறு யாரும் வாசித்ததில்லை.

அந்தக் கம்பீரத்தைக் கேட்டுத்தான் அந்த அம்மாள் வந்தார். ரோடு கூட்டுகிறவர். ஆரஞ்சு நிற மேலங்கியும் கையில் நீளத் துடைப்பமும். காவலரை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இவரு தமிழாம்மா பேசுறாரு?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கமாம், பெயர் அஞ்சலை. சண்டையில் சம்பந்தப்படாத, தமிழ் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார் என்று காவலரிடம் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டு, தமிழில் ரோட்டுக்கு என்ன வார்த்தை என்று அந்த அம்மாளிடம் இந்தியில் கேட்டார். நான் வாய்க்குள்ளேயே சாலை, சாலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அஞ்சலை யோசிக்கவே இல்லை.

"ரோடுதாங்க. ரோட்ட ரோடுன்னுதான் சொல்லுவோம்."

காவலர் என்னைப் பார்த்தார். தமிழில் ரோட்டுக்கு ரோடு என்றே ஆகிவிட்டது, அப்படியானால் ஸாலே எதற்கு என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. அஞ்சலை சொன்னதிலும் தப்பு இல்லை. நானே வீட்டில் ரோடு என்றுதானே சொல்கிறேன். அந்த ரோட்டில் நின்ற மூன்று தமிழர்களில் சாலை என்று யாரும் சொல்வதில்லை என்பதுதான் உண்மை.

5

வேறு வழி தெரியாமல் என் கார் பானெட்டைப் பார்த்தேன். டெல்லிக் கார்கள் மேல் எப்போதும் எழுதுகிற அளவுக்குப் புழுதி இருக்கும். விரலால் பெரிதாக சாலை என்று எழுதினேன். இதுதான் எங்கள் எழுத்து, சா, லை என்று தொட்டுக் காட்டினேன்.

காவலர் குனிந்து பார்த்தார். அவருக்கு நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. லவுக்கு முன்னால் நிற்கிற அந்தச் சுழி என்ன என்றார். அது 'ஐ' என்ற சத்தம் என்றேன். அப்படியானால் முதலில் ஐ என்று சொல்லி அப்புறம் ல் சொல்வீர்களா என்றார். இல்லை, முன்னால் எழுதுவோம், பின்னால் சொல்வோம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அதாவது இந்த எழுத்து ராங் சைடுல ஓவர்டேக் பண்ணுது," என்று இந்தியில் சொல்லி, அபராதம் போடலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

காருக்குள்ளிருந்து பக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. ஷெரின். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து, பானெட்டில் இருந்த லையைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அதை அவள் நோட்டில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

அஞ்சலையும் பார்த்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்றார். பிறகு, "இரும்மா. சாலைன்னா... ஊருக்குப் போறப்ப எம் பொண்ணு பஸ்ஸுல வழியெல்லாம் போர்டு படிச்சிக்கினே வருவா. 'சாலைப் பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்'னு. அது இதானா?" என்றார்.

அதுதான், அதேதான் என்றேன். ஷெரின் இந்தியில் காவலருக்குச் சொன்னாள். அரசாங்கம் வைத்த போர்டா என்று கேட்டார். ஆமாம் என்று அஞ்சலை சொன்னார். சர்க்கார் போர்டில் இருக்கிற வார்த்தை வசவாக இருக்க முடியாது என்று காவலர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வெள்ளைக் கார்க்காரரின் கோபம் இறங்கியது, ஆனால் முழுதாக இல்லை. சரி, ஸாலாவுக்குத் தமிழில் என்ன என்று கேட்டார். மச்சான் என்றேன். இந்தியில் மச்சான் என்றால் வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டும் பரண். இவர் மரத்தில் உட்காருகிற ஆளா என்று காவலர் கேட்க, காருக்குள் இருந்த அசல் மைத்துனர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரோட்டில் தெரியாதவரை மச்சான் என்றால் உங்கள் ஊரில் அடிப்பார்களா என்று வெள்ளைக் கார்க்காரர் விடவில்லை. அடிக்க மாட்டார்கள், வேலை நடக்கும் என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. காருக்குத் திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது காவலரைப் பார்த்து, வருகிறேன் மச்சான் என்று கும்பிடு போட்டார். இதற்குள் ஒரு குரங்கு வாழைப்பழத்தோடு வந்து என் பானெட்டில், சாலைக்கு மேல், உட்கார்ந்துவிட்டது.

அஞ்சலை போகும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் இந்தி எழுத்து என்று அவருக்கும் தெரிந்தது.

"எம் பொண்ணு தமிழ்ப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சா. நாங்க குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப இடிச்சப்புறம் எங்களுக்கு நரேலால வூடு குடுத்தாங்க. அங்க இந்திப் பள்ளிக்கூடந்தான். மறந்துடும்னு பழைய புஸ்தகத்த வச்சிக்கினு அவளே எழுதிப் பாத்துக்குறா," என்றார். குத்திக்காட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. தாளை ஷெரினிடம் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். நகரத்தின் வடகோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து அந்த ரோட்டுக்கு வர அவருக்கு எத்தனை பஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

6

வண்டி நகர்ந்தது. பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. நாலு வருடமா என்று மட்டும் கேட்டேன்.

"நோட்டுல நான் டிராயிங்தான் மம்மி பண்றேன். பாத்துப் பாத்து வரைவேன். படிக்க வராது," என்றாள். "நீ ரொம்ப குஷியா இருந்த. அதான் சொல்லல."

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, அதுதான் அதிசயம். என் மேல்தான் வந்தது. படம் வரைந்த பிள்ளையைப் படித்த பிள்ளை என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தது நான்தானே. திங்கட்கிழமை வாயைத் திறக்காமல் பிரெஞ்சுக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

ஒரு சிக்னல் தாண்டியது. அவள்தான் ஆரம்பித்தாள்.

"மம்மி, வேற எந்த லெட்டர் ராங் சைடுல வரும்?"

கெ, கே என்றேன். கொம்பு முன்னால் போகும், சத்தம் பின்னால் வரும். கொ, கோ என்றால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. லாரிக்கு இரண்டு பக்கமும் பைக் போகிற மாதிரியா என்றாள். அதே மாதிரி என்றேன். கௌ? அதற்கு இன்னும் பெரிய வால் உண்டு, டிரெய்லர் என்று வைத்துக்கொள் என்றேன். அவள் ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதி எழுதிப் பார்த்தாள். வரையவில்லை, எழுதினாள். எனக்கு வித்தியாசம் தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது கு, கூ பாக்கி இருக்கிறது என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள். அன்றைக்கு ஜாம் அதற்குமேல் நீளவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை தாள் இல்லாமல் பேசினாள். எல்லாச் சாலையையும் ரோடு என்று மாற்றியிருந்தாள். அழகிய ரோடு, எங்கள் ரோடு, நாளெல்லாம் உழைக்கும் ரோடு. நடுவராக வந்த ஓய்வுபெற்ற பெரியவர் முகம் சுளித்து, தலைப்பிலேயே இருக்கிற நல்ல தமிழ்ச் சொல்லை ஏன் விட்டாய் அம்மா என்று மேடையிலேயே கேட்டுவிட்டார்.

"சாலைன்னு சொன்னா ரோடு பிளாக் ஆயிரும் அங்கிள்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. மார்க் குறைத்தார். ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போய் முன்டப்பாவிலிருந்து படிவத்தை எடுத்து வந்தாள். பிரெஞ்சை ரப்பரால் அழித்தாள். அந்தக் கட்டத்தில் பேனாவால், யாரும் சொல்லித் தராமல், தமிழ் என்று தமிழிலேயே எழுதினாள். ழவின் வால் கட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது. மூன்று எழுத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு, இதில் ராங் சைடு ஒன்றுகூட இல்லையே, மூன்றும் ஒழுங்காக லேனில் போகிறதே என்று குறைப்பட்டுக்கொண்டாள். நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை படிவம் திரும்பி வந்தது. கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஆபீஸில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லையாம், இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி நாளைக்குள் கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் செவ்வாய். ரிட்ஜ் ரோடு. வாழைப்பழம், குரங்கு, ஜாம். எங்களுக்கு முன்னால் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஷெரின் படிவத்தை டிபன் பாக்ஸ் மேல் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"தமிழ இந்தில எழுதணுமாம் மம்மி. அது எனக்கு நல்லாவே வரும்," என்றாள்.

முதலில் எழுதியதை அவள் அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், வட்டத்துக்கு வெளியே, சின்னதாக இந்தியில் எழுதினாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் முன்னால் வண்டிகள் நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அலறியது. ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தொண்டை கிழிய, ஸாலே என்று கத்தினார்.

ஷெரின் எழுத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"ரோடு கிளியர் ஆயிருச்சாம் மம்மி," என்றாள். "போ."